தஞ்சாவூர், சென்னை, ஒரு வானொலித் தொடர்

அன்புள்ள ஐயா,

செவ்வியல் இசையை ஊர் ஊராகச் சொல்லும் வானொலித் தொடர் ஒன்றைக் கேட்டுவருகிறேன். ஐரோப்பாவில் வியன்னா, லைப்சிக் என்று சுற்றிவிட்டுக் கர்நாடக இசைக்கு வந்தார்கள். தஞ்சாவூர் என்றால் அரண்மனை, சென்னை என்றால் மார்கழி, அவ்வளவுதான். கர்நாடக இசையின் மும்மூர்த்திகளான தியாகராஜர், முத்துசுவாமி தீட்சிதர், சியாமா சாஸ்திரி மூவரும் பிறந்தது திருவாரூரில். ஆற்றங்கரையில் வளர்ந்த இசையை நகரக் கணக்கில் எழுதுவது புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்ட கதை இல்லையா? இன்னோர் ஊரைச் சேர்க்கச் சொன்னால் எதைச் சொல்வீர்கள்?

ம., கும்பகோணம்

அன்புள்ள ம.,

அரண்மனை விஷயத்தில் உங்களோடு பாதி தூரம் வருகிறேன். தியாகராஜர் தஞ்சை மன்னர் சரபோஜியின் அவைக்குப் போக மறுத்தார் என்றுதான் வழிவழியாகச் சொல்கிறார்கள். திருவையாற்றில் உஞ்சவிருத்தி எடுத்து, அதாவது தெருவில் பாடிவந்து கிடைத்த அரிசியைக் கொண்டு, வாழ்ந்தவர் அவர். ஆனால் பொன்னையா, வடிவேலு முதலிய நட்டுவனார் சகோதரர் நால்வரை ஆதரித்ததும் அதே அரசவைதான். அலாரிப்பு முதல் தில்லானா வரையிலான பரதநாட்டிய வரிசை அவர்கள் வகுத்தது. 1855இல் தஞ்சை மன்னர் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசின்றி இறந்ததும் கிழக்கிந்தியக் கம்பெனி தஞ்சாவூரை எடுத்துக்கொண்டது. வித்வான்கள் வேறு சமஸ்தானங்களையும் சென்னையையும் நாடினார்கள்.

அந்தச் சென்னையை மார்கழியோடு நிறுத்தியதுதான் எனக்குக் குறை. கீர்த்தனை காவிரிக்கரையுடையது, சரி. நாம் இன்று கேட்கும் கச்சேரி சென்னையில் உருவானது. மிராசுதார் இருந்த இடத்துக்கு டிக்கெட் வாங்கும் வக்கீலும் குமாஸ்தாவும் வந்தார்கள். அவர்களுக்கு மறுநாள் காலையில் வேலை இருந்தது. பல்லவி என்று ஒரே வரியை இரவெல்லாம் விரித்தால் எழுந்து போய்விடுவார்கள். வர்ணத்தில் தொடங்கி, சின்ன உருப்படிகளை அடுக்கி, ஒன்றிரண்டை விரித்து, துக்கடா என்னும் எளிய பாட்டுகளில் முடிக்கும் அமைப்பைப் பாடகர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் நிலைநிறுத்தியது இந்தக் கூட்டத்தை அறிந்துதான் என்பது என் எண்ணம். 1927 டிசம்பரில் காங்கிரஸ் மாநாட்டையொட்டி இசை மாநாடு நடந்தது. மறு ஆண்டே மியூசிக் அகாடமி வந்துவிட்டது. சென்னை மாநகராட்சி 1930 முதல் நடத்திவந்த ஒலிபரப்பை 1938இல் அகில இந்திய வானொலி ஏற்றது. நிலையத்தின் கடிகாரத்துக்குள் ராகத்தை முடிக்க வித்வான்கள் பழகினார்கள். நகரங்களைப் பற்றிப் பேசும் வானொலித் தொடர், வானொலியின் கைவரிசையைச் சொல்லாமல் விட்டது வேடிக்கைதான்.

இதில் அடிபட்டது நாகஸ்வரம். சுவாமி புறப்பாடு நான்கு வீதியும் சுற்றி வர எவ்வளவு நேரமோ, அவ்வளவு நேரமும் ராகத்துக்கு இடமிருந்தது. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை வாசித்த தோடி ராகம் அந்த வீதிகளில் விளைந்தது. கச்சேரி நடத்தும் சபைக்காரர்கள் நாகஸ்வரத்தை விழாத் தொடக்கத்தின் மங்கல இசையாக்கிவிட்டார்கள். நாற்காலிகள் நிரம்புவதற்குள் அது முடிந்துவிடுகிறது. தஞ்சாவூர் வாரத்தில் அரண்மனையைக் குறைத்து, திருவாரூர்த் தேர்வீதியில் ஒரு முழு இரவைப் பதிவுசெய்து போட்டிருக்கலாம்.

பூனை, சூடு விஷயத்துக்கு வருகிறேன். லைப்சிக்கில் அரசவையே கிடையாது. ஊர்க்காரர்களும் வணிகர்களும் சேர்ந்து 1743இல் இசைக்குழு அமைத்தார்கள். 1781இல் அதற்கு அரங்கம் கிடைத்ததும் துணி வணிகர்களின் கட்டடத்தில். யார் பணம் கொடுத்தார்கள், எந்த இடத்தில் கேட்டார்கள் என்று எந்த ஊரின் இசையையும் கேட்கலாம். அதற்கு ஐரோப்பாவிடம் அனுமதி வாங்க வேண்டியதில்லை.

இன்னோர் ஊர் கேட்டீர்கள்: எட்டயபுரம். சின்ன ஜமீன் ஊர். முத்துசுவாமி தீட்சிதர் 1835இல் அங்கேதான் மறைந்தார். சென்னையில் ஐரோப்பியரிடம் வயலின் கற்ற அவருடைய தம்பி பாலுசுவாமி, அங்கே சமஸ்தான வித்வான். பாலுசுவாமியின் மகள்வழிப் பேரனும் தத்துப்பிள்ளையுமான சுப்பராம தீட்சிதர், 1904இல் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’யைத் தெலுங்கு எழுத்தில் அங்கேயே அச்சேற்றினார். தீட்சிதர் கிருதிகளைச் சுரக்குறிப்போடு பார்க்க இன்றும் பலரும் புரட்டுவது அந்த நூலைத்தான். ஒரு வாரம் போதாது, இரண்டு வாரம் கேட்டு நிலையத்துக்கு எழுதுங்கள், நானும் எழுதுகிறேன்.