முகத்திரையில் ஒரு பலகணி

அன்புள்ள தங்கைக்கு,

ஈரானியக் கட்வொர்க் பற்றி நீ எழுதியதைப் படித்தேன். முப்பது வருடமாகத் தையல் வகுப்பு நடத்துகிறேன். பூ வரைந்து, ஓரத்துக்குக் காஜா போட்டு, நடுத்துணியைக் கத்தரித்து எடுப்போம். அதுதானே இதுவும்? அப்புறம் ஒரு வருத்தம். முகத்தை மூடும் திரையில் கண்ணுக்கு விட்ட வலையை அவ்வளவு ரசித்து எழுதியிருக்கிறாய். பெண்ணை மூடி வைக்கிற துணியில் அழகு பார்க்க எப்படி மனம் வந்தது?

எம்., திண்டுக்கல்

அன்புள்ள அக்காவுக்கு,

முதல் கேள்வி உங்கள் தொழில். அதிலிருந்தே தொடங்குகிறேன். நீங்கள் சொல்லித் தரும் வேலையில் கத்தரி பூவின் கோட்டோடு போகிறது. இதில் நெசவோடு போகிறது. ஷபகேதூஸி என்று பெயர். ஷபகே என்றால் வலை, தூஸி என்றால் தையல். (இன்று ஈரானில் டிவி சேனலையும் ஷபகே என்றுதான் சொல்கிறார்கள்.) இழையை எண்ணத் தெரிந்தால்தான் இந்த வேலை. பாவில், அதாவது நீளவாட்டு இழைகளில், நாலு இழையை வெட்டி உருவி, நாலை விட்டு, மறுபடி நாலை உருவ வேண்டும், குறுக்கே ஓடும் ஊடையிலும் அப்படியே. எத்தனை இழை என்பது துணியைப் பொறுத்தது. இரண்டு பக்கமும் உருவிய இடம் சதுரத் துளை ஆகிறது. விட்ட இழைகள் பிடிமானம் இல்லாமல் தொளதொளவென்று நிற்கும். அப்படி விட்ட ஒவ்வொரு இழைக் கொத்தையும் பட்டு நூலால் இறுக்கிச் சுற்றினால் மெல்லிய கம்பி போல விறைக்கும். பிறகு கம்பிக்குக் கம்பி மூலைவாட்டில் நூல் ஓட்டி, நட்சத்திரமும் சாய்சதுரமுமாக எழுப்பிக்கொண்டே போகலாம்.

நானும் மல் துணியில் இரண்டு அங்குலச் சதுரம் போட்டுப் பார்த்தேன். நாலு சாயங்காலம் ஆனது. ஒரு மூலையில் ஐந்தாவது இழையையும் சேர்த்து வெட்டியிருக்கிறேன், தைக்கும்போது தெரியவில்லை. துவைத்துப் பிழிந்ததும் அந்த மூலை மட்டும் வாயைப் பிளந்துவிட்டது. என் துண்டில் கெட்டது ஒரே ஒரு மூலை. இரண்டு கண்ணையும் மறைக்கும் அகலத்துக்கு இந்த வலையைப் போட்டவர்களை அதற்குப் பிறகுதான் எனக்குச் சரியாகத் தெரிந்தது.

அந்தத் திரைக்கு ரூபந்த் என்று பெயர். ரூ என்றால் முகம், பந்த் என்றால் கட்டு. நம் ஊர் உருமாலும் அந்த ரூவிலிருந்து வந்ததுதான். முகம் துடைக்கிற ரூமால். ரூபந்த் நீளமான வெள்ளைத் துணி, தலைக்குப் பின்னால் மாட்டி, மார்பைத் தாண்டித் தொங்கும். கண்ணுக்கு நேராக மட்டும் நீள்சதுரமாக இந்த வலை. 17ஆம் நூற்றாண்டில் ஈரானின் அன்றைய தலைநகர் இஸ்ஃபஹானில் இருந்த பிரெஞ்சு நகை வியாபாரி ஜான் ஷார்தான் இதைப் பார்த்து எழுதியிருக்கிறார். 19ஆம் நூற்றாண்டில் ஈரானை ஆண்ட கஜார் மன்னர்கள் காலத்திலும் நகரத்துப் பெண்கள் வெளியே கிளம்பினால் இதுதான்.

இப்போது உங்கள் வருத்தம். அக்கா, அது எனக்கும் உண்டு. முகத்தை மூட வேண்டுமா என்று அந்தப் பெண்களை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அதில் உங்களோடு எனக்கு ஒரு வாக்குவாதமும் இல்லை.

ஆனால் அந்த வலையைப் போட்டவர்கள் என்ன கணக்குப் போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். துளை பெரிதானால் முகம் தெரிந்துவிடும். சிறிதானால் அவள் படியில் தடுக்கி விழுவாள். வெளிச்சத்தில் நிற்பவர் கண்ணுக்கு அந்த வெள்ளை நூல்தான் படுகிறது, உள்ளே இருப்பது இருட்டோடு போய்விடுகிறது. உள்ளே கண்ணுக்கு ஒட்டினாற்போல இருக்கும் நூலோ மங்கி மறைந்து, எதிரே உள்ள தெரு தெரிகிறது. பகலில் கொசுவலை அடித்த ஜன்னலுக்குப் பின்னால் நின்று பார்த்தால் உங்களுக்கே தெரியும். பல துளை வைத்த ஜன்னலுக்குப் பலகணி என்று நம்மிடம் ஒரு சொல் இருக்கிறதே, அதுதான் அது. நான் ரசித்தது மூடிய துணியை இல்லை. மூடித்தான் ஆக வேண்டும் என்றான பிறகும் அவள் பார்ப்பதற்காக ஒருத்தி உட்கார்ந்து எண்ணிய இழைகளை ரசித்தேன். லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் 19ஆம் நூற்றாண்டு ரூபந்த் இருக்கிறது. தைத்தவர் பெயர் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1936 ஜனவரி 8ஆம் தேதி ஈரான் மன்னர் ரெஸா ஷா, பெண்கள் திரையைக் கைவிட வேண்டும் என்று அரசு நடவடிக்கையாகவே தொடங்கிவைத்தார். அதற்குள் ரூபந்த் பெரும்பாலும் போய், குதிரை முடியில் பின்னிய பீச்சே என்ற கறுப்புத் தடுப்பு வந்திருந்தது. போலீஸ்காரர்கள் நடுத்தெருவில் பெண்களின் தலைத்துணியை உருவினார்கள். வீட்டைவிட்டே வெளியே வராமல் இருந்துவிட்ட பெண்கள் பலர். போர்த்தும்போது கேட்காதவர்கள் உருவும்போதும் கேட்கவில்லை. எனக்கு இரண்டுமே கோபம் தருகிறது.

நீங்கள் வகுப்பில் செய்து பார்ப்பதாக இருந்தால், முதல் தடவை வெள்ளைத் துணியில் வெள்ளை நூல் வேண்டாம், கண் நோகும். வெளிர்நீலத் துணி, வெள்ளை நூல் போதும். பாவும் ஊடையும் ஒரே தடிமனாக இருக்கிற துணியாகப் பாருங்கள், இல்லையென்றால் சதுரம் நீண்டுவிடும். உருவப்போகும் இடத்தின் நாலு ஓரத்தையும் காஜா போட்டு அடைத்த பிறகே கத்தரியை எடுங்கள். பிள்ளைகள் போட்டதும் ஒரு படம் அனுப்புங்கள். என்னுடைய பிளந்த மூலையையும் உங்களுக்கு அனுப்புகிறேன், எப்படிச் சரிசெய்வது என்று சொல்லுங்கள்.