மூடிவிட்ட பழைய ஆற்றுத் தூக்குப்பாலத்தை வெட்டி எடுக்க ஏன் இவ்வளவு நாள் ஆகிறது?

வெட்டுவதற்கு நாள் பிடிப்பதில்லை. எதை முதலில் வெட்டுவது என்பதில்தான் சிக்கல். அச்சில் சாய்ந்து திறக்கும் தூக்குப்பாலம் ஒரு தராசு. ஆற்றின்மேல் நீளும் தளம் ஒரு தட்டு, பின்னால் இருக்கும் காங்கிரீட் எதிர்எடை மறுதட்டு.

உதாரணமாக, தளம் 200 டன், அதன் எடைமையம் அச்சிலிருந்து 15 மீட்டர் என்றால், எடையைத் தூரத்தால் பெருக்கி வரும் சாய்க்கும் விசை 3,000 டன்-மீட்டர். எதிர்எடையின் மையம் 5 மீட்டரில் இருந்தால் அது 600 டன் இருக்க வேண்டும். நுனிப்பக்கம் 25 மீட்டர் தள்ளி 10 டன் தகடுகளைக் கழற்றினால் 250 டன்-மீட்டர் குறைந்துவிடும். பின்னால் 50 டன் காங்கிரீட்டை உடைத்தெடுக்காவிட்டால் தளம் தானாக மேலே எழப் பார்க்கும்.

ஆகவே முதல் வேலை, தளத்தை இரும்புச் சட்டங்களால் தூணோடு பிணைப்பது. பிரேக்கை நம்பவே கூடாது. அது பிடிப்பது மோட்டார் பக்கத் தண்டை. இடையில் தேய்ந்த பல்சக்கரத்தில் ஒரு பல் முறிந்தால் பிரேக் இருந்தும் பயனில்லை. படகுகளுக்காகத் திறந்தே நிறுத்திய தளம் என்றால், காற்றின் விசையையும் இந்தப் பிணைப்பே தாங்கியாக வேண்டும்.

பலர் கோட்டைவிடும் இடம் எதிர்எடைக் குழி. மின்சாரத்தைத் துண்டித்ததும் குழியின் பம்பு நின்று ஆற்றுநீர் கசிந்து நிரம்பும். திறந்த நிலையில் எதிர்எடை குழிக்குள் இருக்கும். ஒரு கனமீட்டர் காங்கிரீட் 2.4 டன், மூழ்கினால் 1.4 டன்தான். எதிர்எடை இலேசாகிவிடுவதால் தளம் மூடிக்கொள்ளப் பார்க்கும். பம்புக்குத் தனி ஜெனரேட்டர் கட்டாயம்.

பழைய பெயின்டில் ஈயம் இருக்கும். கேஸ் கட்டிங் செய்யுமுன் வெட்டுக்கோட்டின் இருபுறமும் குறைந்தது 10 சென்டிமீட்டர் சுரண்ட வேண்டும். இல்லையேல் அது புகையாகி வெட்டுபவரின் நுரையீரலுக்குப் போகும்.

தளத்தை முழுசாக மிதவையில் எடுப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. 40க்கு 12 மீட்டர் மிதவைக்குள் நீர் நிரப்பி அடியில் நிறுத்தி, நீரை வெளியேற்றினால் அது எழும்பித் தளத்தை ஏந்தும்; 200 டன் சுமை மிதவையைச் சுமார் 42 சென்டிமீட்டர் அமிழ்த்தும் என்பதால், அந்த அளவுக்கு நீரை வெளியேற்ற வேண்டும். அதற்கு முன்பே எதிர்எடைக்கு அடியில் முட்டுக்கொடுத்திருக்க வேண்டும். பிரித்த நொடியில் அதைப் பிடிக்க வேறு எதுவும் இருக்காது.

தூண்களைப் படுகை மட்டத்தோடு வெட்டி விட்டுவிடாதீர்கள். அடுத்த வெள்ளம் மணலை அரித்ததும் அடிக்கட்டை தலைநீட்டிப் படகின் அடியைக் கிழிக்கும். மண்ணரிப்பு எட்டாத ஆழம்வரை எடுத்து, ஒலியலைக் கருவியால் படுகையை அளந்த பிறகே படகுவழியைத் திறக்க வேண்டும்.