விபத்து வழக்கில் 8.5 லட்சத்துக்குச் சமரசம்: கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: என் கணவர் சொந்தமாக ஏ.சி. மெக்கானிக் வேலை செய்கிறார். 14 மாதங்களுக்கு முன், அவருக்கு 33 வயதாக இருந்தபோது, பைக்கில் போய்க்கொண்டிருந்தவரைச் சந்திலிருந்து வேகமாக வந்த கார் இடித்துவிட்டது. வலது தொடை எலும்பு முறிந்து உள்ளே ராடு வைத்திருக்கிறார்கள். மருத்துவச் செலவு 3.80 லட்சம். 7 மாதம் வேலை இல்லை. முன்பு மாதம் 25,000 வரை சம்பாதித்தார். இப்போது ஏணி ஏற முடியாது, அவுட்டோர் யூனிட்டைத் தூக்க முடியாது. உதவிக்கு ஒரு பையனை வைத்துக்கொண்டு 15,000 பார்ப்பதே பெரிது. தனியார் டாக்டர் 40 சதவீத ஊனம் என்று எழுதிக் கொடுத்தார். விபத்து நடந்த ஐந்தாவது மாதமே வழக்குப் போட்டுவிட்டோம். இப்போது காரின் காப்பீட்டு நிறுவனம் லோக் அதாலத்துக்கு (சமரசம் பேசும் மக்கள் நீதிமன்றம்) வரச் சொல்கிறது. "வருமானத்துக்கு ஆதாரம் இல்லை, மாதம் 12,000தான் எடுப்போம், ஊனம் 15 சதவீதம், மொத்தம் 8.5 லட்சம்" என்கிறார்கள். ஆஸ்பத்திரிக்காக இரண்டு வட்டிக்கு 4 லட்சம் வாங்கியிருக்கிறோம், மாதம் 8,000 வட்டி போகிறது. வாங்கிக் கடனை அடைத்துவிடலாமா? மீதியை ஒரு மனையில் போடலாம் என்கிறார் கொழுந்தனார். எங்கள் பைக் பாலிசியில் 15 லட்சம் விபத்துக் காப்பீடு என்று இருக்கிறதே, அது வராதா?
– ஒரு வாசகி

பதில்: இந்த 8.5 லட்சத்துக்கு இப்போது கையெழுத்துப் போடாதீர்கள். லோக் அதாலத்துக்குப் போவது தவறில்லை. போங்கள், பேசுங்கள், ஆனால் இந்தத் தொகைக்கு வேண்டாம். உங்களை அவசரப்படுத்துவது அந்த 8,000 ரூபாய் வட்டி. அதற்கு வேறு வழி இருக்கிறது, பிறகு வருகிறேன்.

முதலில் அந்த 8.5 லட்சம் எப்படி வந்தது என்று பார்ப்போம். அவர்கள் சொன்ன 12,000 ரூபாயை ஆண்டுக்கு 1,44,000 ஆக்குங்கள். சொந்தத் தொழில் செய்யும் 40 வயதுக்கு உட்பட்டவருக்கு எதிர்கால வருமான உயர்வாக 40 சதவீதம் சேர்க்க வேண்டும் என்பது 2017-ல் பிரணய் சேத்தி வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த கணக்கு. அந்த வழக்கு மரணம் தொடர்பானது. காயமடைந்து பிழைத்தவர்களுக்கும் இந்த உயர்வு உண்டு என்று 2020-ல் பப்பு தேவ் யாதவ் வழக்கில் அதே நீதிமன்றம் சொன்னது. ஆக 2,01,600. 31 முதல் 35 வயது வரை உள்ளவருக்கு மல்டிபிளையர் (வயதைப் பொறுத்து ஆண்டு வருமானத்தைப் பெருக்கும் எண்) 16, இது 2009-ன் சரளா வர்மா தீர்ப்பில் இருக்கும் அட்டவணை. பெருக்கினால் 32,25,600. அதில் 15 சதவீதம் 4,83,840. மருத்துவச் செலவு 3.80 லட்சத்தைக் கூட்டினால் 8,63,840. கொஞ்சம் தட்டிவிட்டு 8.5 லட்சம் என்கிறார்கள்.

இதில் என்ன இல்லை என்று பாருங்கள். 7 மாதம் வீட்டில் கிடந்ததற்கு ஒரு ரூபாய்கூட இல்லை. வலி, வேதனை, கூட இருந்து பார்த்துக்கொண்ட செலவு, ஆட்டோ செலவு, நாளைக்கு ராடை எடுக்கும் ஆபரேஷன், மனு போட்ட நாளிலிருந்து வட்டி, எதுவுமே இல்லை. நொறுங்கிய பைக்கும் இல்லை (அதையும் மனுவில் கேட்டிருக்கிறீர்களா என்று வக்கீலிடம் பாருங்கள்).

விடுபட்டவற்றைவிட, போட்டிருக்கும் இரண்டு எண்கள்தான் பெரிய விஷயம். 12,000, 15 சதவீதம். மற்றதெல்லாம் வாய்ப்பாடு. இந்த இரண்டை மாற்றினால் மொத்தமும் மாறும்.

வருமானத்தை எடுத்துக்கொள்வோம். ஆதாரம் இல்லாதவருக்கு, உங்கள் வழக்கை விசாரிக்கும் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் தானாக ஒரு தொகையை ஊகித்து வைத்துக்கொள்ளும். உங்கள் வீட்டில் ஆதாரமே இல்லை என்பதை நான் நம்பவில்லை. விபத்துக்கு முந்தைய ஒரு வருட வங்கி ஸ்டேட்மென்ட்டை எடுங்கள். ஜிபே, போன்பே வழியாக வந்த 600, 1,500, 2,200 எல்லாம் அதில் தேதியோடு இருக்கும். கேஸ் சிலிண்டர், கம்ப்ரஸர், காப்பர் பைப் வாங்கிய கடைக்காரரிடம் பழைய பில் பிரதி கேளுங்கள். மாதம் இவ்வளவுக்குச் சாமான் வாங்கும் மெக்கானிக் 12,000 சம்பாதிக்கிறார் என்று சொல்வது கஷ்டம். ஏதாவது கிளினிக்குக்கோ கடைக்கோ வருட ஒப்பந்தத்தில் சர்வீஸ் செய்திருந்தால் அந்தக் காகிதம் தங்கம். வாடிக்கையாளர் ஒருவர் சாட்சி சொல்ல வந்தால் இன்னும் நல்லது. வருமான வரிக் கணக்கு விபத்துக்கு முன்பே தாக்கல் செய்திருந்தால் அதுவே முதல் ஆதாரம். விபத்துக்குப் பிறகு பழைய வருடத்துக்குத் தாக்கல் செய்தால் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள். இப்போது உட்கார்ந்து புதிதாக எழுதும் கணக்கு நோட்டும் குறுக்கு விசாரணையில் இரண்டு நிமிஷம் தாங்காது, அந்த வேலையே வேண்டாம்.

அடுத்து ஊனம். இங்கேதான் பெரும்பாலானவர்கள் கோட்டை விடுகிறார்கள். டாக்டர் எழுதிய 40 சதவீதம் அநேகமாக அந்தக் காலுக்கு மட்டும் உரியது. முழு உடம்புக்கு என்று கணக்கிட்டால் குறையும். காப்பீட்டு நிறுவனம் சொல்லும் 15 அப்படி வந்ததாக இருக்கலாம், அதில் ஓரளவு நியாயமும் உண்டு. ஆனால் சட்டம் அத்தோடு நிற்பதில்லை. உடம்பில் எத்தனை சதவீதம் போனது என்பதைத் தாண்டி, சம்பாதிக்கும் திறனில் எவ்வளவு போனது என்று பார்க்க வேண்டும். 2010-ல் ராஜ்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. இடது கையை இழந்தவர் டிரைவராகவோ தச்சராகவோ இருந்தால் வருமானம் ஏறத்தாழ முழுவதும் போய்விடும், அரசு அலுவலக எழுத்தராக இருந்தால் வேலை போகாமலே இருக்கலாம் என்பது அந்தத் தீர்ப்பில் வரும் உதாரணம்.

உங்கள் கணவர் மேஜையில் உட்கார்ந்து வேலை செய்பவர் இல்லை. ஸ்பிளிட் ஏ.சி.யின் வெளி யூனிட் இரண்டாவது மாடிச் சுவரில் ஸ்டாண்டில் தொங்கும். ஒரு காலைச் சன்ஷேடில் ஊன்றி, உடம்பை வெளியே சாய்த்து வேலை பார்க்க வேண்டும். தொடையில் ராடு இருப்பவரால் முடியுமா? இதைத் தீர்ப்பாயத்தில் யாராவது சொன்னால்தான் பதிவாகும். கணவர் தன் சாட்சியத்தில் எந்த எந்த வேலையை விட்டுவிட்டார் என்று ஒவ்வொன்றாகச் சொல்லட்டும். பையனுக்குக் கொடுக்கும் சம்பளத்தை இனி வங்கி வழியாகவே கொடுங்கள். தனியார் சான்றிதழை மட்டும் நம்பாமல், டாக்டர்கள் குழுவான மெடிக்கல் போர்டுக்கு அனுப்பும்படி வக்கீலை மனுப்போடச் சொல்லுங்கள். ஆபரேஷன் செய்த டாக்டர் சாட்சிக்கு வந்தால் இன்னும் பலம்.

இதை நிரூபிக்காவிட்டால் என்ன ஆகும்? நம் ஊர் தீர்ப்பாயங்களில் இன்னொரு வழக்கமும் உண்டு. வேலை பாதித்ததாகத் தெரியவில்லை என்று நினைத்தால் மல்டிபிளையரையே விட்டுவிட்டு, ஒரு சதவீத ஊனத்துக்கு இத்தனை ஆயிரம் என்று போட்டு முடித்துவிடுவார்கள். அந்தக் கணக்கில் வருவது மிகக் குறைவு. எனவே 8.5 லட்சத்தை மறுப்பதில் ஆபத்தே இல்லை என்று சொல்லமாட்டேன். ஆதாரம் திரட்டாமல் மறுப்பதுதான் ஆபத்து.

சரி, ஆதாரம் ஓரளவு நின்றால் எவ்வளவு வரும்? மாத வருமானம் 18,000, சம்பாதிக்கும் திறன் இழப்பு 20 சதவீதம் என்று நடுவாக வைத்துப் பார்த்தேன். வருமான இழப்பு 9,67,680, மருத்துவம் 3,80,000, 7 மாத வருமானம் 1,26,000. கூட்டினால் 14,73,680. நீங்கள் சொல்லும் 25,000 ரூபாயும், திறன் இழப்பு 30 சதவீதம் என்பதும் முழுதாக ஏற்கப்பட்டால் 25 லட்சத்தைத் தாண்டும், ஆனால் அதை எண்ணிக்கொண்டு இருக்க வேண்டாம். வலி, வேதனை போன்ற தலைப்புகள் இதற்கு மேல். தமிழ்நாட்டில் தீர்ப்பாயங்கள் பெரும்பாலும் ஆண்டுக்கு 7.5 சதவீதத் தனி வட்டி தருகின்றன. மனுப்போட்டு 9 மாதம் ஆகிவிட்டதால் நடுக்கணக்கில் அதுவே சுமார் 83,000.

நானாக இருந்தால் 13 லட்சத்துக்குக் கீழே பேச்சை முடிக்கமாட்டேன். 13-ஐத் தாண்டி வந்தால், மேல்முறையீடு, இழுத்தடிப்பு எல்லாவற்றையும் மனதில் வைத்து வாங்கிக்கொள்ளலாம். லோக் அதாலத்தில் இரு தரப்பும் ஒப்புக்கொண்டால்தான் சமரசம். ஒத்துவராவிட்டால் கேஸ் கட்டு பழையபடி தீர்ப்பாயத்துக்கே திரும்பும், உங்களுக்கு நஷ்டம் இல்லை. தேசிய லோக் அதாலத் வருடத்துக்கு நாலு முறை நடக்கிறது, இதை விட்டால் அடுத்தது வரும். ஆனால் ஒருமுறை கையெழுத்துப் போட்டால் 1987-ம் வருடச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி அது இறுதி, மேல்முறையீடு கிடையாது. நாளைக்கு ராடை எடுக்கும்போது சிக்கலாகி இன்னொரு ஆபரேஷன் வந்தாலும் போய்க் கேட்க முடியாது. அதனால் எதிர்கால மருத்துவச் செலவுக்கு டாக்டரிடம் எழுத்தில் ஒரு மதிப்பீடு வாங்கி, அதையும் தொகைக்குள் சேர்த்துப் பேசுங்கள்.

இப்போது இரண்டு வட்டிக்கு வருவோம். நூற்றுக்கு இரண்டு என்றால் ஆண்டுக்கு 24 சதவீதம், உங்கள் கணக்கில் 96,000 ரூபாய். இரண்டு வருடம் வழக்கு நடந்தால் 1.92 லட்சம் போகும். பெரிய தொகைதான். ஆனாலும் 8.5 லட்சத்துக்கும் 14.7 லட்சத்துக்கும் உள்ள இடைவெளி 6 லட்சத்துக்கு மேல். வட்டிக்குப் பயந்து அதை விட்டுக்கொடுப்பது எந்தக் கணக்கிலும் சேராது.

அந்த வட்டியையும் குறைக்கலாம். பீரோவில் நகை இருந்தால் வங்கியிலோ கூட்டுறவு வங்கியிலோ நகைக்கடன் வாங்கி இந்த 4 லட்சத்தை அடையுங்கள். ஆண்டுக்கு 10 சதவீதம் என்றே வைத்தாலும் வட்டி 40,000, மிச்சம் 56,000. நகையை அடகு வைப்பது கௌரவக் குறைச்சல் என்று தயங்குவார்கள். மாதம் 8,000 தண்டம் அழுவதைவிட அது ஒன்றும் குறைச்சல் இல்லை. நகை போதாவிட்டால் பாதிக் கடனையாவது மாற்றுங்கள். அசலைக் கொடுக்கும்போதே கையெழுத்துப் போட்ட புரோநோட்டைத் திரும்ப வாங்கிவிடுங்கள். "வீட்டில் எங்கேயோ இருக்கு, அப்புறம் தர்றேன்" என்றால் பணத்தை எண்ணிக் கையில் கொடுக்காதீர்கள்.

வக்கீல் கட்டணம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். வரும் தொகையில் இத்தனை சதவீதம் என்று பங்கு பேசுவதை இந்திய பார் கவுன்சில் விதிகள் அனுமதிப்பதில்லை. நடைமுறையில் கேட்பவர்கள் உண்டு. நிலையான கட்டணம் பேசி ரசீது வாங்குங்கள். வெற்றுக் காசோலையிலோ பணம் எடுக்கும் சீட்டிலோ முன்கூட்டியே கையெழுத்து வாங்கி வைக்க யாரையும் விடாதீர்கள். மாற்றுத்திறனாளிச் சான்று இருந்தால் வருமான வரம்பு இல்லாமல் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் கிடைப்பார், பெண்களுக்கும் அப்படியே.

கொழுந்தனார் சொல்லும் மனை வேண்டாம். வரப்போவது உபரிப் பணம் இல்லை, உங்கள் கணவர் இனி சம்பாதிக்க முடியாமல் போகும் சம்பளம். மாதம் குறையும் 10,000 ரூபாயை மனை ஈடுகட்டாது, அவசரத்துக்கு விற்கவும் முடியாது. வரும் பணத்தில் முதலில் நகையை மீட்டுவிடுங்கள். அடுத்து ராடு ஆபரேஷனுக்கு ஒரு தொகையைத் தனியாக வைப்பு நிதியில் போடுங்கள். மிச்சத்தில் ஒரு பகுதியை அஞ்சலக மாத வருமானத் திட்டத்தில் போடலாம். தனி நபருக்கு 9 லட்சம், கூட்டுக் கணக்குக்கு 15 லட்சம் வரை, 5 வருடம், மாதா மாதம் வட்டி வரும். ஏறி இறங்கும் வேலையைப் பையனிடம் விட்டு, கணவர் வருட ஒப்பந்தம் பிடிப்பது, பி.சி.போர்டு பழுது பார்ப்பது என்று மாறினால் அதற்கான கருவிகளுக்கும் கொஞ்சம் ஒதுக்குங்கள். மனையைவிட அதில் வருமானம் அதிகம்.

அந்த 15 லட்சம் உங்களுக்கு வராது. அது வாகன உரிமையாளரே ஓட்டும்போது உயிர் போனாலோ, கை, கால், கண் இழந்தாலோ, நிரந்தரமாக முழு ஊனமடைந்தாலோ தரும் காப்பீடு. எலும்பு முறிந்து சேர்ந்ததற்கு அதில் இடமில்லை. வருடம் 20 ரூபாய் கட்டும் பிரதமரின் சுரக்ஷா பீமாவும் ஏறத்தாழ இதே ரகம்தான். எலும்பு முறிந்து வேலைக்குப் போக முடியாத வாரங்களுக்குப் பணம் தரும் தனிநபர் விபத்துக் காப்பீடு வேறு. தற்காலிக முழு ஊனத்துக்கு வாராந்திரத் தொகை உண்டா என்று கேட்டு வாங்க வேண்டும். கணவர் மறுபடி முழுநேர வேலைக்குப் போகுமுன் அதை எடுத்துவிடுங்கள், விண்ணப்பத்தில் காலில் ராடு இருப்பதையும் மறைக்காமல் எழுதுங்கள்.