மதுரை ஜூனியர் வழக்கறிஞருக்கு வெளிநாட்டில் எல்.எல்.எம். (சட்ட முதுகலை) படிக்க உதவித்தொகை கிடைக்குமா?

மதுரையில் பி.எல். முடித்து, ஒரு வருடமாக உயர் நீதிமன்றக் கிளையில் ஜூனியராக இருப்பதாகவும், மதிப்பெண் சுமார்தான் என்றும் எழுதியிருக்கிறீர்கள். கிடைக்கும். ஆனால் அவசரப்பட்டு இந்த வருடமே விண்ணப்பிக்க வேண்டாம்.

பிரிட்டிஷ் அரசின் செவனிங் உதவித்தொகைக்குக் குறைந்தது 2,800 மணி நேர வேலை அனுபவம் வேண்டும், அதாவது ஏறக்குறைய இரண்டு வருடம். படித்து முடித்ததும் ஊர் திரும்பி இரண்டு வருடம் இங்கேயே இருக்க வேண்டும். அமெரிக்காவுக்கான ஃபுல்பிரைட்-நேரு முதுகலை உதவித்தொகைக்கு மூன்று வருட அனுபவம். ஜூனியருக்குச் சம்பளச் சீட்டு ஏது? நான் வழக்கு டைரியைப் புரட்டித்தான் மணிக்கணக்குப் போட்டேன். ஒத்தக்கடை பஸ்ஸில் நின்றுகொண்டே போன நேரத்தையும் சேர்க்கலாமா என்றுகூட ஒரு சபலம் வந்தது.

முதல் முறை உதவித்தொகை விண்ணப்பத்துக்கு நான் எழுதிய கட்டுரை இப்படித் தொடங்கியது: லண்டனில் சட்டம் படித்த காந்தி 1921இல் மதுரையில்தான் அரையாடைக்கு மாறினார். எழுதும்போது எனக்கே புல்லரித்தது. நேர்காணலுக்கு அழைப்பே வரவில்லை. சீனியரிடம் காட்டியபோது, "தம்பி, இதில் காந்தி இருக்கிறார், நீ எங்கே?" என்றார்.

அடுத்த வருடம் மேலூர் பக்கத்துக் கண்மாய் ஆக்கிரமிப்பு வழக்கை எழுதினேன். கிராம நிலங்களின் வருவாய்த் துறைப் பதிவேடான 'அ' பதிவேட்டில் நீர்நிலை என்று இருந்த இடத்தில் தென்னந்தோப்பு நின்றது. புல வரைபடத்தை விரித்து, எந்தக் கல்லிலிருந்து எந்தக் கல் வரை என்று ஊர்ப் பெரியவர் ஒருவர் விரலால் காட்டினார். அதை வைத்து நான் பிரமாணப் பத்திரம் தயாரித்தேன். அந்த ஒரு நாளை மட்டும் எழுதி, சுற்றுச்சூழல் சட்டம் ஏன் படிக்க வேண்டும் என்று முடித்தேன். கிடைத்தது.

நீங்கள் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் என்றால், மத்திய அரசின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகையை முதலில் பாருங்கள். குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்குள், வயது 35க்குள், மதிப்பெண் 60 சதவீதம் இருக்க வேண்டும்.

ட்ரான்ஸ்கிரிப்டுக்கு (பல்கலைக்கழகம் தரும் மதிப்பெண் விவரச் சான்று) இன்றே விண்ணப்பித்துவிடுங்கள். எனக்கு மூன்று மாதமும் நான்கு முறை அலைச்சலும் ஆனது. சீனியரிடம் பரிந்துரைக் கடிதத்தை மே மாதக் கோடை விடுமுறையில் கேளுங்கள். மற்ற மாதங்களில் கேட்டால், "நீயே எழுதிக் கொண்டு வா, கையெழுத்துப் போடுகிறேன்" என்பார்.