மலையிலிருந்து பார்த்த படங்கள்

அண்மையில் பார்த்த படங்களைப் பற்றி மனத்தில் பட்டதை எழுதி அனுப்புமாறு சென்ற இதழில் கேட்டிருந்தோம். நீலகிரியிலிருந்தும் பழனி மலையிலிருந்தும் வந்த கடிதங்கள் தனியே ஒரு கட்டாகச் சேர்ந்துவிட்டதால், இந்த இதழின் பகுதியை அவற்றுக்கே ஒதுக்குகிறேன். கோத்தகிரியில் பிறந்து வளர்ந்தவன் என்பதால் எனக்கும் இதில் சொல்வதற்குக் கொஞ்சம் இருக்கிறது.

கேள்வி: ‘மூன்றாம் பிறை’ படத்தைக் கடந்த வாரம் பிள்ளைகளோடு மறுபடியும் பார்த்தேன். எங்கள் ஊர் ரயில் நிலையத்தைக் கண்டதும் கைதட்டிய என் மகள், படம் முடிந்தபோது அழுதுகொண்டிருந்தாள். இத்தனை ஆண்டுகள் கழித்தும் ஒரு படம் அழ வைப்பதற்கு நடிப்பு மட்டும்தான் காரணமா?
(ஒரு வாசகி, கேத்தி)

பதில்: நடிப்புதான் முதல் காரணம் என்பதில் எனக்கு ஐயமில்லை. 1982இல் வெளிவந்த அந்தப் படத்துக்காகக் கமல்ஹாசன் சிறந்த நடிகருக்கான தேசிய விருதைப் பெற்றார். ஸ்ரீதேவிக்கும் அப்படி ஒன்று கிடைத்திருக்க வேண்டும் என்று நினைப்பவன் நான். ஆனால் இரண்டாவது காரணம் உங்கள் ஊர்தான். திரையில் நம் மலை பெரும்பாலும் வேறு ஏதோ ஓர் ஊராக வேடம் கட்டிக்கொண்டுதான் வரும். டேவிட் லீன் 1984இல் எடுத்த ‘எ பாசேஜ் டு இந்தியா’வில் நம் மலை ரயில், கதையில் வரும் மராபார் குகைகளுக்குப் போகும் ரயிலாயிற்று. 1998இல் மணிரத்னத்தின் ‘உயிரே’யில் அதே ரயிலின் கூரைமேல் ஆடிப் பாடினார்கள், அந்தக் கதைக்கும் நீலகிரிக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. பாட்டு எடுத்துவிட்டுப் போகிறவர்கள் வந்து வந்து, கூடலூர் சாலையில் ஓர் இடத்துக்கு ‘ஷூட்டிங் மட்டம்’ என்றே பெயர் நிலைத்துவிட்டது.

‘மூன்றாம் பிறை’யில் கேத்தி கேத்தியாகவே வருகிறது. நாயகன் அங்கே வேலை பார்க்கும் பள்ளி ஆசிரியர். இயக்கத்தோடு ஒளிப்பதிவையும் தாமே செய்து, அதற்காகத் தேசிய விருதும் பெற்ற பாலு மகேந்திரா, இருக்கிற வெளிச்சத்தை வைத்தே படம் எடுப்பதில் பிடிவாதமானவர். மேகம் இறங்கி நிற்கும் நாளில் நம் வீட்டுச் சன்னல் வழியாக உள்ளே வரும் சாம்பல் நிற வெளிச்சத்தை, அந்தப் படத்தில் பார்த்த அளவுக்கு வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

நினைவு திரும்பிய நாயகி, தன்னைப் பார்த்துக்கொண்டவனையே மறந்து ரயிலேறும் கடைசிக் காட்சியை இன்னொரு முறை கவனித்துப் பாருங்கள். சமவெளியில் ஓடும் விரைவு ரயில் என்றால் கிளம்பிய சில நொடிகளில் கண்ணுக்கு மறைந்திருக்கும். மலை ரயில் அப்படிப் போகாது. நொண்டிக்கொண்டு வரும் ஒருவன்கூடச் சன்னலோடு சேர்ந்து ஓடலாம், குரங்கைப்போல் குட்டிக்கரணம் அடிக்கலாம், தலையில் பாத்திரத்தை வைத்து ஆடிக் காட்டலாம். இத்தனைக்கும் அவனுக்கு நேரம் கிடைக்கிறது. அவ்வளவு நேரமும் பார்த்த பிறகும் அவளுக்கு அவனை அடையாளம் தெரியவில்லை, யாரோ பிச்சைக்காரன் என்று எண்ணிக்கொள்கிறாள். அந்த ரயிலின் மெதுவான நடைதான் நம்மை வதைக்கிறது. தினமும் அந்த ரயிலைப் பார்க்கும் உங்கள் மகளுக்கு அது மற்றவர்களைவிட நன்றாகவே புரிந்திருக்கும்.

கேள்வி: நான் கொடைக்கானலில் சுற்றுலா வண்டி ஓட்டுகிறேன். ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ வந்த பிறகு குணா குகைக்குப் போகாமல் எந்தப் பயணியும் மலையிறங்குவதில்லை. எனக்கு வருமானம்தான் என்றாலும், ஆபத்தான இடத்தை ஒரு படம் இப்படி வேடிக்கைப் பொருளாக்கலாமா?
(ஒரு வாசகர், கொடைக்கானல்)

பதில்: உங்கள் வருத்தம் நியாயமானது. கம்பி வேலியைத் தாண்டிப் போனவர்களை வனத்துறை பிடித்த செய்தியைப் படித்தபோது எனக்கும் கோபம் வந்தது. ஆனாலும் அந்தக் கோபத்தைப் படத்தின் மேல் திருப்ப என் மனம் ஒப்பவில்லை. 2006இல் கொச்சிக்கு அருகிலுள்ள ஓர் ஊரிலிருந்து சுற்றுலா வந்த நண்பர்களில் ஒருவர் குழிக்குள் விழுந்ததையும், இன்னொருவர் கயிறு கட்டி இறங்கி அவரை மீட்டதையும் சொல்லும் அந்தப் படம், குகையை அழகான இடமாகக் காட்டவே இல்லை. மேட்டுப்பாளையத்துக்கு இறங்கிப் போய் அதைத் திரையரங்கில் பார்த்தேன். மழை பிடித்துக்கொண்டு சேற்று நீர் குழிக்குள் பாயத் தொடங்கும்போது, மேலே நிற்கும் நண்பர்கள் வேறு வழி தெரியாமல் குழியின் வாய்க்குக் குறுக்கே தரையில் படுத்து, தங்கள் உடம்பையே அணையாக வைத்துத் தண்ணீரைத் தடுக்கிறார்கள். என் பக்கத்து இருக்கையில் இருந்த பெரியவர் அந்த இடத்தில் தம்மை அறியாமலே என் கையைப் பிடித்துக்கொண்டார். காட்சி முடியும்வரை விடவில்லை.

இயக்குநர் சிதம்பரத்தின் திறமை எனக்குப் பிடிபட்டது வேறோர் இடத்தில். படத்தின் தொடக்கத்தில் இதே நண்பர்கள் வடம் இழுக்கும் போட்டியில் நிற்கிறார்கள். ஏதோ ஊர்க் கலகலப்புக்காக வைத்த காட்சி என்றுதான் நினைத்தேன். இருவரையும் குழியிலிருந்து மேலே இழுக்கும்போது அந்தப் போட்டியில் கற்ற பிடியும் கால் ஊன்றலும் திரும்பி வருகின்றன. 1991இல் வந்த ‘குணா’வில் அதே குகைக்காக எழுந்த காதல் பாட்டு, இங்கே நண்பனை மீட்கும் நேரத்தில் ஒலிப்பதும் வெறும் பழைய நினைவுக்காக வைத்ததாக எனக்குப் படவில்லை. இத்தனைக்கும் நாம் திரையில் பார்க்கும் குகையின் உட்புறம் பெரும்பாவூரில் போட்ட அரங்கம். கலை இயக்குநர் அஜயன் சாலிசேரியின் கைவேலை.

எனக்கு ஒரு குறை உண்டு. உள்ளூர்க்காரர்கள் படத்தில் வருகிறார்கள். வழிகாட்டியாக வரும் ஜார்ஜ் மரியான் மனத்தில் நிற்கவும் செய்கிறார். ஆனால் அந்தக் குழியோடு ஆண்டுக்கணக்காக வாழ்ந்த அவர்களின் பயத்தை இன்னும் கொஞ்சம் கேட்டிருக்கலாம். உங்கள் வண்டியில் ஏறுகிறவர்களிடம் அந்தப் பயத்தை நீங்கள் சொல்லுங்கள். படம் பார்த்துவிட்டு வருகிறவர்கள் காதுகொடுத்துக் கேட்பார்கள்.

கேள்வி: ‘கொட்டுக்காளி’யில் பின்னணி இசையே இல்லை. பாதியில் எழுந்துவிட்டேன். என் பொறுமைக் குறைவா, படத்தின் குறையா?
(ஓர் ஆசிரியர், குன்னூர்)

பதில்: இரண்டும் இல்லை. இரைச்சல் சூழ்ந்த இடத்தில் பார்த்திருப்பீர்கள். பி.எஸ். வினோத்ராஜ் அந்தப் படத்துக்கு இசையாக வைத்தவை ஆட்டோவின் உறுமலும், கட்டிப்போட்ட சேவலின் படபடப்பும், வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கும் அந்தப் பெண்ணின் மௌனமும்தான். இரவு எட்டு மணிக்குப் பிறகு, தெரு அடங்கியதும், கதவைச் சாத்திக்கொண்டு மறுபடி பாருங்கள்.

கேள்வி: எங்கள் தாத்தா காலத்தில் மலைவாழைத் தார்களைத் தலையிலும் குதிரையிலும் ஏற்றி அடிவாரத்துக்குக் கொண்டுபோவார்கள். ‘வாழை’ படத்தைப் பார்த்தபோது அந்த ஞாபகம் வந்தது. சுமப்பவனின் வலியை அந்தப் படம் சரியாகக் காட்டியிருக்கிறதா?
(ஒரு விவசாயி, தாண்டிக்குடி)

பதில்: இதை நீங்கள் எனக்குச் சொல்ல வேண்டும், நான் தேயிலை மூட்டைதான் தூக்கியிருக்கிறேன். இருந்தாலும் கேட்டதனால் சொல்கிறேன். ‘கொட்டுக்காளி’ வந்த அதே 2024 ஆகஸ்ட் 23ஆம் தேதி வந்த படம் இது. தம் இளமைக் கால வாழ்வையும் ஸ்ரீவைகுண்டம் பக்கத்து வாழைக் காடுகளையும் வைத்து மாரி செல்வராஜ் எடுத்தது. பள்ளிக்கூட நாள் வந்தால் துள்ளும் சிறுவன், விடுமுறை நாள் வந்தால் சுருங்கிப்போகிறான், ஏனென்றால் அன்றைக்குத் தார் சுமக்க வேண்டும். சேற்று வரப்பில் அவன் கால் வைத்து நடக்கும்போது, கழுத்து உள்ளே இறங்கித் தோள் மேலே ஏறியிருக்கும். சுமை தூக்கிப் பழகியவர்களின் உடம்பு அப்படித்தான் குறுகும். எங்கள் தேயிலைத் தோட்டங்களில் ஈரக் கொழுந்து மூட்டையோடு எடை போடும் இடத்துக்கு ஏறும் பெண்களிடமும் அதே குறுகலைப் பார்த்திருக்கிறேன்.

படத்தில் ஆசிரியையைச் சுற்றி வரும் பகுதி இனிமையாக இருந்தாலும் தேவைக்கு மேல் நீள்கிறது என்பது என் எண்ணம். ஆனால் தார் ஏற்றிய லாரியின் மேல் ஆட்களும் உட்கார்ந்து போவதைக் காட்டும் ஒவ்வொரு முறையும் என் வயிறு கலங்கியது. முடிவில் ஊரே அழுதுகொண்டிருக்க, பசி தாங்காமல் அந்தப் பையன் வீட்டுக்குள் போய்ச் சோற்றில் கைவைக்கிறான். அந்தக் காட்சியைப் பற்றி இதற்குமேல் எழுத எனக்கு வரவில்லை.

கேள்வி: ஆஸ்கர் வாங்கிய ‘தி எலிஃபண்ட் விஸ்பரர்ஸ்’ படத்தை இப்போதுதான் பார்த்தேன். யானையை இவ்வளவு செல்லமாகக் காட்டுகிறார்களே, எங்கள் தெருவுக்கு இரவில் வரும் யானையைப் பார்த்து நாங்கள் கதவைத் தாழிடுகிறோமே?
(ஒரு வாசகி, மசினகுடி)

பதில்: இரண்டும் உண்மை என்பதுதான் என் பதில். தெப்பக்காடு முகாமில் வளர்ந்த ரகுவும் அம்முவும் தாயை இழந்த குட்டிகள்; அவற்றை வளர்த்த காட்டுநாயக்கர் இனத்துப் பொம்மனும் பெள்ளியும் அவற்றுக்குப் பெற்றோரே. கணவனைப் புலிக்குப் பறிகொடுத்த ஒரு பெண், அதே காட்டில் ஒரு குட்டிக்குத் தாயாகிறாள் என்பதைப் படம் அலட்டாமல் சொல்கிறது. இயக்குநர் கார்த்திகி கொன்சால்வ்ஸ் உதகையில் வளர்ந்தவர் என்பதும் காட்சிகளில் தெரிகிறது. காட்டைப் பார்த்து அவர் வியந்து நிற்கவில்லை, பக்கத்து வீட்டைப்போல் உள்ளே நுழைகிறார்.

ஆனால் உங்கள் கேள்விக்குள் இருக்கும் குறையை நான் ஒப்புக்கொள்கிறேன். ரகுவின் தாய் மின்சாரம் தாக்கி இறந்தது என்ற செய்தி படத்தில் வந்து போகிறது. மின்கம்பி, பயிர், வழித்தடம், இரவுக் காவல் என்று உங்கள் தெருவின் கதை முழுவதும் அந்த ஒரு செய்திக்குள் அடங்கியிருக்கிறது. ஏறக்குறைய 40 நிமிடப் படம் அங்கே நிற்காமல் கடந்துவிட்டது.

கேள்வி: பாட்டும் பனிமூட்டமும் இல்லாமல், மலையில் பாடுபடுகிறவனைக் காட்டிய தமிழ்ப் படம் ஒன்று சொல்லுங்கள்.
(ஒரு வாசகர், கவுஞ்சி)

பதில்: லெனின் பாரதி இயக்கி 2018இல் வெளிவந்த ‘மேற்குத் தொடர்ச்சி மலை’. தேனிப் பக்கத்திலிருந்து கேரள எல்லையிலுள்ள ஏலத்தோட்டங்களுக்கு ஏறி இறங்கும் கூலிகளின் கதை. சொந்தமாக ஒரு துண்டு நிலம் வாங்க வேண்டும் என்பது தவிர வேறு ஆசை இல்லாத ரங்கசாமி, சிறுகச் சிறுகச் சேர்த்த காசில் வாங்கிய ஏலக்காய் மூட்டையைச் சுமந்துகொண்டு இறங்குகிறான். மூட்டை கைநழுவி, உருண்டு, பாறையில் மோதிப் பிரிந்து, காய்கள் பள்ளத்தில் சிதறுகின்றன. அலறல் இல்லை, உச்சத்துக்கு ஏறும் இசையும் இல்லை. மலைச் சரிவில் ஒரு பொருள் விழுந்தால் அது போனதுதான் என்பது அங்கே நிற்கிற எல்லோருக்கும் தெரியும்; அந்தத் தெரிதல்தான் காட்சி. கவுஞ்சியில் பூண்டு மூட்டை தூக்கியவருக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை. கடைசியில் தன் கையைவிட்டுப் போன நிலத்தில் காற்றாலைக்குக் காவல்காரனாக அவன் உட்கார்ந்திருக்கும்போது, கேமரா மேலே மேலே போய்க்கொண்டே இருக்கும். திரையரங்கில் அது அதிக நாள் ஓடவில்லை என்பது எனக்கு இன்னும் ஆறாத வருத்தம்.

கேள்வி: என் தாத்தாவும் பாட்டியும் இலங்கையிலிருந்து வந்து அரசுத் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர்கள். ‘டூரிஸ்ட் ஃபேமிலி’யைக் குடும்பத்தோடு ரசித்துப் பார்த்தோம். ஆனால் இலங்கையிலிருந்து வந்தவர்கள் என்றால் எங்கள் கதை ஏன் யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை?
(ஓர் இளைஞர், கூடலூர்)

பதில்: நானும் இதே கேள்வியோடுதான் அந்தப் படத்தை முடித்தேன். 2025 மே மாதம் வந்த அந்தப் படத்தில், பொருளாதார நெருக்கடியால் படகேறி இராமேசுவரத்தில் இறங்கும் ஒரு குடும்பம் சென்னையில் ஒரு தெருவையே தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. அபிஷன் ஜீவிந்த் என்ற இளைஞருக்கு இது முதல் படம். சசிகுமாரையும் சிம்ரனையும் இவ்வளவு இயல்பாக நடிக்க வைத்ததற்கே அவரைப் பாராட்ட வேண்டும். தெருவில் உள்ளவர்கள் எல்லோரும் கொஞ்சம் எளிதாகவே நல்லவர்களாகிவிடுகிறார்கள் என்பதைத் தவிர எனக்குப் பெரிய குறை இல்லை.

உங்கள் தாத்தா பாட்டியின் கதை வேறு. அவர்கள் ஒளிந்து வந்தவர்கள் அல்லர். 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் நம் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வது என்று எழுதினார்கள். அந்தக் கணக்கில் கப்பலேறியவர்களுக்கு வேலை கொடுப்பதற்கென்று 1968இல் தொடங்கியதுதான் இன்றைய டான்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம். நூறு ஆண்டுக்கு மேல் தேயிலை பறித்த மலையிலிருந்து கிளப்பிக்கொண்டு வந்து, இன்னொரு மலையில் காடு வெட்டித் தேயிலை நடச் சொன்னார்கள். வெள்ளையர் காலத்துத் தோட்ட வாழ்க்கையைப் பாலா 2013இல் ‘பரதேசி’யில் காட்டினார், ஆனால் தலைமன்னாரில் ஏறி, மண்டபம் முகாமில் காத்திருந்து, கூடலூரிலும் கோத்தகிரியிலும் வந்து இறங்கிய உங்கள் குடும்பங்களை முழுமையாகச் சொன்ன தமிழ்ப் படம் எதையும் நான் இன்னும் பார்க்கவில்லை. உங்கள் தலைமுறையிலேயே ஒருவர் அதை எடுக்க வேண்டும் என்று மனமார விரும்புகிறேன். பாட்டி இருக்கும்போதே அவரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டுக்குக் கீழே, தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் அப்படி வந்த ஓர் அம்மா இருக்கிறார். கப்பலேறியபோது அவருக்குப் பதினோரு வயதாம். என் கைப்பேசியில் இந்தப் படத்தை அவரோடு உட்கார்ந்து பார்த்தேன். ஊரே சிரித்த இடங்களில் அவர் சிரிக்கவில்லை. தொடக்கத்தில் அந்தக் குடும்பம் படகைவிட்டு இறங்கியபோது மட்டும், “அந்தச் சின்னப் புள்ள கடல்ல வாந்தி எடுக்கலயா, தம்பி? நான் விடிய விடிய எடுத்தேன்” என்று கேட்டார். பிறகு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அந்த இடத்தைத் திரும்ப ஒரு முறை காட்டச் சொன்னார்.