பழவேற்காட்டுக்கு வராத கப்பல்

கேள்வி: பழவேற்காடு டச்சுக் கல்லறையைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து என் மகனுக்கு டச்சுக் கப்பல் பேச்சுதான். ‘ஏழு மாகாணங்கள்’ என்று பெயர் வைத்த போர்க்கப்பல் நம் பக்கம் வந்திருக்கிறதா சார்?
– ஒரு வாசகி, எண்ணூர்

பதில்: வரவில்லை அம்மா. பழவேற்காட்டுக்கு வந்தவை டச்சு கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்கள். உங்கள் பையன் கேட்பது ராட்டர்டாம் கடற்படைக்காக 1665-இல் கட்டி முடித்த 80 பீரங்கிக் கப்பல். டச்சுக் கடற்படைத் தளபதி மிகீல் டி ரைட்டரின் கொடி பறந்தது அதில்தான்.

1666 ஜூனில் ஆங்கிலேயரோடு நான்கு நாள் விடாமல் சண்டை, டச்சுக்காரர்கள் ஜெயித்தார்கள். ஆகஸ்டிலேயே தோற்கவும் செய்தார்கள். மறு வருஷம் டி ரைட்டரின் படை இங்கிலாந்தின் மெட்வே ஆற்றுக்குள்ளேயே புகுந்து, ‘ராயல் சார்லஸ்’ என்ற ஆங்கிலேயக் கப்பலை இழுத்துக்கொண்டு வந்துவிட்டது. அதன் பின்பக்கச் சிற்பப் பலகை இன்றும் ஆம்ஸ்டர்டாம் ரெய்க்ஸ் மியூசியத்தில் இருக்கிறது.

எனக்கு இதையெல்லாம்விடப் பெரிதாகத் தெரிவது 1673. ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் சேர்ந்து, பெரிய படையோடு கடல் வழியாக வந்து நெதர்லாந்தில் இறங்கப் பார்த்தார்கள். டி ரைட்டர் நடுக்கடலுக்குப் போய் மோதவில்லை. சீலாந்துக் கரைக்கு வெளியே, மணல்திட்டுகளுக்கு நடுவே, ஸ்கோனவெல்ட் என்ற இடத்தில் நங்கூரம் போட்டுக் காத்திருந்தார். ஆழமில்லாத கடலுக்கென்றே கட்டியவை டச்சுக் கப்பல்கள். எதிரியின் கப்பல்களுக்கோ தரை தட்டும் பயம். ஜூனில் அங்கே இரண்டு சண்டை, ஆகஸ்டில் டெக்சல் தீவருகே ஒன்று. மூன்றிலும் இந்தக் கப்பல் முன்னால் நின்றது. எதிரி கரையிறங்கவே முடியவில்லை.

பழவேற்காடு முகத்துவாரத்தில் படகில் போனால் இது சட்டென்று புரியும். நேராகப் போகலாமே என்று நமக்குத் தோன்றும் இடத்தில் படகுக்காரர் வளைத்துக்கொண்டு போவார். அடியில் மணல் எங்கே ஏறியிருக்கிறது என்பது அவருக்குத்தான் தெரியும். பையனை அடுத்த தடவை படகிலும் கூட்டிப் போங்கள்.

அப்புறம், 1692-இல் அதே ஆங்கிலேயரோடு சேர்ந்து பிரெஞ்சுக்காரரை எதிர்த்த பார்ஃப்ளூர் சண்டையில் கப்பல் பலத்த சேதமானது. 1694-இல் உடைத்துவிட்டார்கள். நெதர்லாந்தின் லேலிஸ்டாட் ஊரில் அதே அளவில் மறுபடி கட்டும் வேலையை 1995-இல் தொடங்கினார்கள்.

வராத கப்பலுக்கும் நம் ஊருக்கும் ஓர் உறவு உண்டு. கப்பலின் பெயரில் உள்ள ஏழு மாகாணங்கள், அன்றைய டச்சுக் குடியரசில் சேர்ந்திருந்தவை. அவற்றில் ஒன்று கெல்டர்லாந்து. பழவேற்காட்டில் 1613-இல் டச்சுக்காரர்கள் கட்டிய கோட்டைக்கு அதன் பெயரைத்தான் வைத்தார்கள்: கெல்ட்ரியா. கல்லறையோடு திரும்பிவிடாமல், முள்செடி மூடிக் கிடக்கும் அந்தக் கோட்டை மேட்டையும் பையனுக்குக் காட்டுங்கள்.