நட்சத்திரக் குறியை விரிப்பது யார் வேலை?

பழைய டாஸ் இயங்குதளத்தில் 'ரென் *.டிஎக்ஸ்டி *.பேக்' (* என்றால் எந்தப் பெயரும்) என்று அடித்தால் எல்லாக் கோப்புகளின் பின்னொட்டும் மாறுகிறதே, லினக்ஸில் பெயர் மாற்றும் எம்வி கட்டளை மட்டும் ஏன் முரண்டு பிடிக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். எம்வி அந்த நட்சத்திரத்தைப் பார்ப்பதே இல்லை. நீங்கள் அடிக்கும் கட்டளையை வாங்கி நிரலை ஓட்டும் ஷெல் முன்னாடியே அதைக் கோப்புப் பெயர்களாக விரித்துவிடுகிறது. டாஸில் குறி அப்படியே கட்டளைக்குப் போகும், விரிப்பது அதன் பாடு.

லினக்ஸின் முன்னோடியான ஆரம்பகால யூனிக்ஸில் இதற்கென்றே 'குளோப்' என்று தனி நிரல் இருந்தது, அப்புறம்தான் வேலை ஷெல்லுக்குள் வந்தது. லாபம் பெரிசு: நீங்கள் எழுதும் பத்து வரி நிரலுக்கும் இந்த வசதி சும்மா கிடைக்கும். ஆனால் நீங்கள் * போட்டீர்களா, பெயர்களைக் கையால் அடித்தீர்களா என்று நிரலுக்குத் தெரியாது, அதனால் கோப்புகளை அழிக்கும் 'ஆர்எம் *' என்றால் "எல்லாவற்றையுமா?" என்று கேட்க அதற்கு வழியில்லை (இசட்ஷெல் என்ற ஷெல் கேட்கும், அது ஷெல்லே போட்ட ஒட்டு). இன்னும் மோசம், '-ஆர்எஃப்' என்ற பெயரில் ஒரு கோப்பு கிடந்தால் ஆர்எம் அதைக் கட்டளை விருப்பமாகவே (கேட்காமல், அடைவுகளோடு அழி என்று) எடுத்துக்கொள்ளும். './*' என்று எழுதினால் பெயர்கள் '-'இல் தொடங்காது, தப்பிக்கலாம்.

சரி, எதுவும் பொருந்தாவிட்டால்? பாஷ் என்ற ஷெல் குறியை அப்படியே நிரலிடம் தள்ளிவிடும், இசட்ஷெல் பிழை சொல்லி நின்றுவிடும். என் ஓட்டு இசட்ஷெல்லுக்கு. கோப்பு தேடும் 'ஃபைண்ட் . -நேம் *.டிஎக்ஸ்டி' என்று மேற்கோள் இல்லாமல் எழுதியது பாஷில் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்து, நிற்கும் அடைவில் ஒரு டிஎக்ஸ்டி கோப்பு வந்ததும், குறி அந்தப் பெயராக விரிந்து, தப்பான விடை தருவது பாஷின் இந்தத் தாராளத்தால்தான்.